மூன்றாம் மாதிரிப் பெட்டி

ஹலீம் பெட்டியைக் கடை மேசைமேல் வைத்து, அதன் முதுகை ஒரு பழைய பனியன் துணியால் துடைத்தான். பிறகு சுவிட்சைத் தட்டினான். சின்னக் கண்ணாடிக்குள் இரண்டு வரிகளில் கறுப்பு எழுத்துகள் மெதுவாகத் தெளிந்தன. பெட்டி ஒருமுறை 'கீக்' என்று கத்தியது.

"இருபத்தேழு வருஷம், மச்சான். இன்னும் குரல் மாறல்ல. நமக்குத்தான் முழங்கால் போயிருச்சு," என்றான்.

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் அவனுடைய கடை. முன்பு வானொலி திருத்தினான். இப்போது கைபேசி திருத்துகிறான். அந்தப் பெட்டி நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. செங்கல் அளவில் ஒரு கையடக்கக் கணினி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே தூக்கிப் போய், யார் எத்தனை கிலோ பறித்தார் என்று அங்கேயே பதிவதற்காக ஆக்கினோம். அதற்கான நிரலை நான் எழுதினேன். உடம்பு முழுக்க ஹலீமின் கைவேலை. மொத்தம் நாற்பத்தொரு பெட்டிகள். மிஞ்சியது இது ஒன்றுதான்.

"அந்தப் பையனுக்கு என்ன சொன்ன?" என்று கேட்டான்.

"வர்றேன்னு சொன்னேன்."

"அவன் கேட்ட ரெண்டாவது விஷயத்துக்கு?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. அதுக்குத்தான் ஒரு நாள் முன்னாலேயே வந்தேன்."

அந்தப் பையனின் பெயர் கிஷாந்த். பொகவந்தலாவைப் பக்கத்தில், நாங்கள் பெட்டியைப் பரீட்சித்த தோட்டத்தில், கம்பனி தன் பழைய தொழிற்சாலையில் ஒரு காட்சி அறை திறக்கிறது. பழைய உருளைகள், தராசுகள், படங்கள் எல்லாம் வைக்கப் போகிறார்கள். கிஷாந்த் அந்தக் கம்பனிக்காகக் கொழுந்து நிறுவைக்குப் புதிய கைபேசிச் செயலி செய்பவன். கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் இருக்கும் என்னைத் தேடிப் பிடித்துப் பேசினான். எங்கள் பெட்டி உருவான வரலாற்றைச் சொல்ல வேண்டும், அதை அட்டையில் அச்சடித்துப் பெட்டியின் பக்கத்தில் வைப்போம் என்றான். அரை நிமிஷம் என் மனம் குளிர்ந்தது. பிறகு அவன் இரண்டாவது விஷயத்துக்கு வந்தான்.

"மூணாவது மாதிரில கள்ளக் கொழுந்த, அதான் எடுக்காத கொழுந்தக் கணக்குல ஏத்துறத, கண்டுபிடிக்கிற ஒரு சோதனை இருந்துச்சாமே, சேர். அத எங்க செயலிலயும் சேர்க்கலாம்னு யோசிக்கிறேன். எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லித் தாங்க."

அந்தச் சோதனையை நான் எப்படிச் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் முதல் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் மாதிரி தொண்ணூற்றாறில் செய்தது. தகரப் பெட்டி. ஆறு டோர்ச் பெட்டரி போட வேண்டும். கழுத்தில் தொங்கவிட்டால் மாட்டுக்குக் கட்டை கட்டிய மாதிரி இருக்கும். மேற்பிரிவு மலையில் பனி இறங்கியதும் கண்ணாடிக்குள் ஈரம் கோத்து, எட்டு மூன்றாகத் தெரிந்தது. ஹலீம் ஒரு வாரம் யோசித்தான். தொழிற்சாலையில் அப்போதுதான் வறுத்து வந்த தேயிலைத் தூளை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தான். காய்ந்த தேயிலை ஈரத்தை உறிஞ்சிவிடும். வாரத்துக்கு ஒருமுறை பையை மாற்றினால் போதும். கொழும்பில் எங்கள் கம்பனி முதலாளிக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எட்டு எட்டாகவே தெரிந்தது.

இரண்டாவது மாதிரியில் பெட்டி பிளாஸ்டிக் ஆனது. மழையில் நனையாதபடி விசைகளின்மேல் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டினோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் தராசு பிடித்த மூக்கன் என்பவர்தான் இரண்டையும் பரீட்சித்துப் பார்த்தவர். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான மனிதர். தூக்குத் தராசில் சாக்கை மாட்டி, முள்ளைப் பார்த்து, எடையை எங்கள் பெட்டியில் அழுத்துவார். அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தக் கண்ணாடி எனக்கு மட்டும் தெரியுதுங்க. கொழுந்து எடுத்த புள்ளைக்கும் தெரியணும். அதுக்கு என்ன போட்டேன்னு அது பாக்கணும்ல."

ஹலீம் கண்ணாடிக்குக் கீல் வைத்து, திருப்பிக் காட்டும்படி செய்தான். அன்றிலிருந்து மூக்கன் ஒவ்வொரு பெண்ணுக்கும் பெட்டியைத் திருப்பிக் காட்டுவார். அப்படிப்பட்ட மனிதரை நான் திருடன் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதிரியில் நினைவகம் கொஞ்சம் கூடியது. பிரிவில் உள்ள இருநூற்றுப் பத்துப் பெயர்களும், அவர்களுடைய மூன்று வேளை எடையும் போக, அறுநூறு எழுத்துக்கான இடம் மிச்சமிருந்தது. அந்த இடத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. யாரும் கேட்காமலே ஒரு சோதனை எழுதினேன். ஒருவருடைய மாலை நேர எடை, அவருடைய மத்தியான எடையைவிடக் கால் பங்கு கூடினால் பெட்டி இரண்டு முறை கத்தும். பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும். முதலாளி மகிழ்ந்துபோனார்.

"நீங்க தோட்டத்துல பொறந்தவர்தானே, பழனியாண்டி. இவங்க செய்ற வேலையெல்லாம் உங்களுக்குத் தெரியும்," என்றார்.

"தெரியும் சேர்," என்றேன்.

எனக்குத் தெரியாது. என் அம்மா கொத்மலையில் கொழுந்து எடுத்தவர்தான். ஆனால் பத்து வயதிலேயே என்னை நுவரெலியாவில் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். அம்மா இடுப்பில் கட்டிய படங்குத் துணி கொடியில் காய்வதைப் பார்த்திருக்கிறேன். மடுவத்தில் அவர் சாக்கோடு வரிசையில் நின்றதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூன்று வாரத்தில் ஒரே பெயருக்குப் பதினேழு நட்சத்திரங்கள் விழுந்தன. நாகலெட்சுமி. காலையில் நன்றாக எடுப்பார். மத்தியானம் குறைந்துவிடும். மாலையில் திடீரென்று ஏறும். தராசுக்காரர் அவருக்காகக் கூட்டி அழுத்துகிறார் என்று நான் முடிவு செய்தேன். பட்டியலை அச்சடித்துத் தோட்ட மேலாளரான தொரையிடம் கொடுத்தேன். கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

மூக்கனை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். நானும் அங்கே இருந்தேன். தொரை சிங்களத்தில் கேட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு தமிழில் சொன்னார். மூக்கன் தொப்பியைக் கையில் பிடித்தபடி, "நான் பொய் நிறுக்கலிங்க தொரை," என்றார். அதற்குமேல் ஒரு சொல் இல்லை. பிறகு ஏன் இப்படி ஏறுகிறது என்று மூன்று முறை கேட்டார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த வாரம் அவரைத் தராசிலிருந்து எடுத்துக் கவ்வாத்து மலைக்கு அனுப்பினார்கள். அந்த வயதில் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டுவது சின்ன வேலை இல்லை. நாகலெட்சுமி மூன்று மாதத்தில் வேலையை விட்டு அரபு நாட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். குற்றம் செய்தவர் ஓடிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

இரண்டாயிரத்து ஒன்றில் எங்கள் கம்பனி மூடப்பட்டது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. இரண்டாயிரத்து நான்கில் ஹலீம் அந்தத் தோட்டத்துக்கு ஏதோ திருத்த வேலைக்குப் போனான். வந்து என்னிடம் சொன்னான்.

"அது கள்ளக் கொழுந்து இல்ல மச்சான். பிடிக் கொழுந்து."

நாகலெட்சுமிக்கு அப்போது கைக்குழந்தை. எடை குறைந்து பிறந்தது. மத்தியானத்தில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளைக் காம்பராவுக்கு இறங்கிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு மறுபடி மலை ஏற ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக் கொழுந்தும் அன்றைய முழுச் சம்பளமும் போய்விடும். மாலையில் நிறுவைக்குப் போகுமுன் அவருடைய செடி நிரையிலும் பக்கத்து நிரைகளிலும் நின்ற பெண்கள் ஆளுக்கொரு பிடி அவருடைய சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை; யாரும் சொல்வதுமில்லை. வாங்குகிறவர் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார். இன்னொருத்திக்குக் காய்ச்சல் வந்தால் அவரும் போடுவார். மூக்கன் சாக்கில் இருந்ததைத்தான் நிறுத்தார். ஒரு கிராம் கூட்டவில்லை. காரணத்தைச் சொன்னால் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் மாட்டுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின் வந்தவர், பெட்டி கத்திவிடும் என்று பயந்து, பிடி போட வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டார்.

மனிதர் ஒருவருக்கொருவர் மறைவாகச் செய்யும் நன்மையைக் கடவுள் ஒருவரே பார்க்கிறார் என்பார்கள். எங்கள் பெட்டியும் பார்த்தது. அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தவன் நான்.

தெரிந்த பிறகாவது நான் போயிருக்க வேண்டும். கோயிலில் அர்ச்சனை செய்தேன், போகவில்லை. அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்று இருபத்தொரு வருஷம் தள்ளிவிட்டேன். இப்போது அதே சோதனையை ஒருவன் மறுபடி கேட்கிறான். அவன் நிச்சயம் நன்றாகச் செய்வான். அவனிடம் நினைவக இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஹலீம் பெட்டியை அணைத்தான். "நாகலெட்சுமி திரும்பி வந்து ரொம்ப வருஷமாச்சு. கீழ்ப்பிரிவுல அக்கா வீட்டுல இருக்காங்க. போய்ப் பாரு," என்றான். "நான் வரல. ரெண்டு ஆம்பளைங்க போய் நின்னா அது பொலிஸ் மாதிரி இருக்கும்."

பஸ்ஸில் போனேன். நோர்வூட் தாண்டியதும் மழை விட்டுவிட்டது. வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வாசலில் ஒரு பெண் சுளகில் போஞ்சிக்காய் ஒடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் மதிக்கலாம். நான் பெயர் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பெட்டி கொண்டாந்த மூக்குக்கண்ணாடி ஐயாவா? அப்ப தலைநெறைய முடி இருந்துச்சு."

"அதெல்லாம் போயிருச்சுங்க அக்கா."

"எல்லாந்தான் போயிருச்சு. உள்ள வாங்க, பனி எறங்குது."

பால் சேர்க்காத சாயத்தண்ணி ஊற்றித் தந்தார். நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். நட்சத்திரக் குறி, பட்டியல், மூக்கன் நின்ற விதம், ஹலீம் சொன்னது, நான் வராமலே இருந்தது. அவர் காயை ஒடிப்பதை நிறுத்தவில்லை.

"மூக்கண்ணன் செத்துப் பதினாறு வருசமாச்சு. அவருகிட்டத்தான் நீங்க வந்திருக்கணும்," என்றார்.

"தெரியுங்க. பிந்திட்டேன்."

"நான் வெளிநாடு போனது உங்க பெட்டியால மட்டும் இல்லிங்க ஐயா. வீட்டுக்காரரு குடி. வீட்டுல அடுப்பு எரியாத நாள் இருந்துச்சு. பெட்டி கடைசியாத்தான் வந்து சேந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அது வராட்டி லோஜினிக்கு ஒரு வயசு வரைக்குமாச்சும் பால் குடுத்திருப்பேன்."

லோஜினி இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு. நுவரெலியால ஓட்டல்ல வேலை. பதினோரு வருசங் கழிச்சு நான் வந்தப்ப, எங்க அக்காவத்தான் அம்மான்னு கூப்புட்டுச்சு. இப்பவும் அப்படித்தான். என்னைய வெளிநாட்டம்மான்னு சொல்லும். கோவத்துல இல்லிங்க, பழகிப்போச்சு."

நான் மனத்தில் முடிவு செய்து வந்ததைச் சொன்னேன். நாளைக்குக் காட்சி அறையில் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொல்லப் போகிறேன், பிடிக் கொழுந்தைப் பற்றி, உங்களைப் பற்றி, மூக்கனைப் பற்றி, எல்லாவற்றையும் அட்டையில் எழுதச் சொல்லப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் சுளகைக் கீழே வைத்தார்.

"வேணாம்."

"உங்க பேரச் சொல்லாமலே..."

"பேரு இல்லிங்க. அதச் சொல்லவே வேணாம். இன்னைக்கும் போடுறாங்க. நேத்துக்கூட மேமலையில மாசமா இருக்க ஒரு புள்ளைக்குப் போட்டாங்க. குடுக்குறதுக்குக் கொழுந்து மிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா என்னா செய்வாங்க? எல்லாருக்கும் ஒரு நாளைக்கு எடுக்கவேண்டிய கிலோவக் கூட்டிருவாங்க. அப்பறம் யாரு யாருக்குக் குடுக்குறது?"

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. இந்த முறையும் கேட்காமலே செய்யப் பார்த்திருக்கிறேன்.

"உங்க பாவத்த எறக்கி வைக்க எங்க மலதான் கெடச்சுச்சா, ஐயா?" என்றார். குரல் உயரவில்லை.

"அப்ப நான் என்னங்க செய்யணும்?"

"நீங்க படிச்சவங்க. மூக்கண்ணன் அஞ்சாம் வகுப்பு. அவருக்கு அந்த எடத்துல என்னா செய்யணும்னு தெரிஞ்சுச்சு." எழுந்து என் கோப்பையை வாங்கினார். "பஸ்ஸு நாலரைக்கு. அத விட்டா ஆறுக்குத்தான்."

மறுநாள் காலை ஹலீம் பெட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். காட்சி அறையில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. கிஷாந்துக்கு இருபத்தாறு வயது இருக்கும். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, துணிப்பையைக் கண்டு சிரித்தான். கீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் இரண்டு மாதிரிகளின் கதையை ஹலீமும் நானும் மாறி மாறிச் சொன்னோம். அவன் எழுதிக்கொண்டான். நல்ல பையன். அதனால்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இப்ப மூணாவது, சேர். அந்தச் சோதனை."

"அது பிழை, தம்பி," என்றேன்.

"வேலை செய்யலையா?"

"நான் சொன்னதத்தான் செஞ்சுச்சு. நான் சொன்னது பிழை. பதினேழு நாள் பின்னேர எடை கூடுதுன்னு கத்தி, ஒரு நேர்மையான மனுசன அது கள்ளன்னு காட்டுச்சு. நான் நம்பினேன். அவரு வேலை போச்சு. அதத்தான் அட்டையில எழுதணும்."

பேனா நின்றது. "அவரு கூட்டிப் போடலன்னு எப்படித் தெரிஞ்சுச்சு, சேர்?"

"தராசுல இருந்த கொழுந்தத்தான் அவரு போட்டாரு. பிறகு சரியாத் தெரிய வந்துச்சு."

"அப்ப பின்னேரம் மட்டும் ஏன் கூடுச்சு? பதினேழு நாள்னு சொல்றீங்க. காரணம் இருக்கணுமே."

பனியில் கொழுந்து பாரமாகும், நல்ல நிரை கிடைத்திருக்கும் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். பொய் நாக்கின் நுனிவரை வந்தது. முருகா என்று ஒருமுறை மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

"காரணம் இருக்கு. எனக்குத் தெரியும். ஆனா அது என்னோடது இல்ல, தம்பி. சொல்ல எனக்கு உரிமை இல்ல. நீங்க என்னைய நம்பணும்னும் கேக்க முடியாது. அந்தச் சோதனைய மட்டும் போடாதீங்க. போட்டா அது தப்பான ஆளத்தான் பிடிக்கும். எத்தன வருசம் ஆனாலும் தப்பான ஆளத்தான் பிடிக்கும்."

கிஷாந்த் என்னைப் பார்த்தான். ஹலீமைப் பார்த்தான். ஹலீம் பெட்டியின் மூலையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கிஷாந்த் பேனாவை மூடித் திறந்தான்.

"உண்மையச் சொன்னா கம்பனி இதக் கேக்கல, சேர்," என்றான் கடைசியில். "நான்தான் செஞ்சு காட்டுனா நல்லா இருக்கும்னு நெனச்சேன்." கொப்பியில் அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தான். பிறகு, "அவரு பேரு என்னா?" என்று கேட்டான்.

"மூக்கன். தராசு பிடிச்சவரு."

மத்தியானத்துக்குள் அட்டை அச்சாகி வந்தது. மூன்று மொழியில். முதல் மாதிரி, இரண்டாம் மாதிரி, தேயிலைத் தூள் பை, சைக்கிள் டியூப் எல்லாம் இருந்தன. கண்ணாடியைத் திருப்பிக் காட்டும் யோசனை மூக்கனுடையது என்றும் சேர்த்திருந்தான். கடைசியில் நான் சொன்னபடியே போட்டிருந்தான்: 'மூன்றாம் மாதிரியில் சேர்க்கப்பட்ட ஒரு சோதனையால், தராசு பிடித்த மூக்கன்மேல் பொய்ப்பழி விழுந்தது. அவர் நிறுத்த எடை அனைத்தும் சரியானது. பிழை, நிரல் எழுதிய பழனியாண்டியுடையது.'

ஹலீம் சத்தமாக ஒருமுறை வாசித்தான். "சரியாத்தான் இருக்கு," என்றான்.

திறப்புக்கு நிறையப் பேர் வந்தார்கள். தொரை, கம்பனிக்காரர்கள், சில வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள். மலையில் வேலை நடந்துகொண்டிருந்ததால் கொழுந்து எடுக்கும் பெண்கள் யாரும் இல்லை. மூக்கனின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போய் எங்கே இருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் அட்டையை முழுக்க வாசித்துவிட்டுப் பெட்டியைப் படம் எடுத்தாள். அந்த வரிகளை வாசிக்க வேண்டிய மனிதர் மண்ணுக்குள் இருக்கிறார். பழி விழுந்த பிறகு அவர் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார்; உண்மை தெரிந்த பிறகான ஐந்து வருஷத்தில் அதே வரிகளை நான் வாயால் சொல்லியிருக்கலாம். அதற்கு அச்சு தேவைப்பட்டிருக்காது.

பஸ் தரிப்பில் நின்றபடி நாகலெட்சுமிக்குத் தொலைபேசியில் சொன்னேன். மூக்கனைப் பற்றி எழுதியிருப்பதை, சோதனையைச் சேர்க்க மாட்டார்கள் என்பதை, பிடிக் கொழுந்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை.

"சரிங்க ஐயா," என்றார்.

நான் காத்திருந்தேன். இன்னும் ஒரு சொல் வரும் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மழ வர்ற மாதிரி இருக்கு. துணி எடுக்கணும். வச்சிறட்டுங்களா?"

"வைங்க அக்கா."

மன்னித்தேன் என்ற அந்தச் சொல்லை அவரிடம் கேட்டு நான் இனிப் போக மாட்டேன். கேட்டால் அவர் தந்துவிடுவார், அப்படிப்பட்டவர்தான். ஆனால் ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவே போன பதினோரு வருஷத்துக்கு அது ஈடாகாது. அதைப் பெற்றுக்கொண்டு நான் லேசாக நடந்து போவதும் நியாயமாகாது.

பஸ் வந்தது. ஹலீம் முன்னால் ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துத் துவாயைப் போட்டு வைத்திருந்தான். ஏறி உட்கார்ந்தேன். மேமலையில் பெண்கள் மாலை நிறுவைக்குச் சாக்குகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். யார் சாக்கில் யார் பிடி விழுகிறது என்று பார்க்காமல், நான் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.